கூர்ப்புக் கொள்கைக்கு மெய்யியலாளர் சொன்ன மறுமொழிகள்: ஆறு அமர்வில் படிப்பிக்கும் முறை

டார்வினைப் பற்றிக் கதைக்கப்போகிறோம் என்று ஊர் வாசிகசாலையில் அறிவித்துப் பாருங்கள். கால் மணித்தியாலத்துக்குள் மூன்று கேள்விகள் வந்து விழும். “குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு, சேர்?” “அப்ப இறைவன் படைக்கல்லையா?” “வல்லவன்தான் வாழ்வான் எண்டா இல்லாதவன் என்ன செய்யிற?” மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். ஒரே மூச்சில் பதில் சொல்லப் போனால் அன்றைய பின்னேரம் சண்டையில்தான் முடியும்.

முதற்கேள்வி சான்றையும் தருக்கத்தையும் பற்றியது. இரண்டாவது நோக்கத்தைப் பற்றியது. மூன்றாவது ஒழுக்கத்தைப் பற்றியது. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிக் கிளைவிடுகின்றன என்ற கூர்ப்புக் (பரிணாமக்) கொள்கையை விளக்கும் டார்வினின் நூல் வந்த 1859 முதல் இன்றுவரை அதைப் பற்றி மெய்யியலாளர் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கான மறுமொழிதான். ஆகவே ஒரு பெயரைக் கண்டதும் “ஆதரவா, எதிர்ப்பா” என்று கேட்க வேண்டாம். “எந்தக் கேள்விக்குச் சொன்னது?” என்று முதலில் கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பழக்கத்தை ஊட்டுவதற்காக எழுதப்பட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிக்கும் ஆசிரியர்களையும், கிராம வாசிப்பு வட்டம் நடத்துபவர்களையும் மனதில் வைத்திருக்கிறோம்.

ஆயத்தம்

ஆட்கள் 8 முதல் 12 பேர் வரை. 15 பேரைத் தாண்டினால் கலந்துரையாடல் மேடைப்பேச்சாகிவிடும். ஓர் அமர்வு 90 நிமிடம்: 20 நிமிடம் உரத்த வாசிப்பு, 50 நிமிடம் கதை, 20 நிமிடம் எழுத்து. எழுத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், திரும்பி வராது. இரண்டு கிழமைக்கு ஒன்று என்று ஆறு அமர்வு. வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, கிழமை நாட்களில் ரியூஷன் எல்லாவற்றையும் கழித்தால் சனி பின்னேரம் நான்கு மணிதான் மிஞ்சும்.

காலமும் முக்கியம். மாரியில் தொடங்கினால் மார்கழி வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆட்கள் கிழக்கே எழுவான்கரைக்கு வரமாட்டார்கள். சிறுபோகம் விதைத்து நாலு கிழமை கழித்துத் தொடங்குங்கள். முதல் அமர்வுக்கு வயலில் இருந்து ஒரு பொருள் தேவை; அது அப்போதுதான் சரியான பருவத்தில் இருக்கும்.

மூன்று நிற பிரிஸ்டல் போர்ட் வாங்கி அஞ்சலட்டை அளவில் வெட்டி ஆளுக்கு ஒரு தொகுதி கொடுங்கள். வெள்ளை அட்டை விஞ்ஞானக் கேள்விக்கு, மஞ்சள் நோக்கம் பற்றிய கேள்விக்கு, நீலம் ஒழுக்கக் கேள்விக்கு. வாய் திறக்குமுன் அட்டையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முதல் அமர்வில் சிரிப்பார்கள். மூன்றாம் அமர்வில் அட்டையைத் தூக்கப் போனவர் பாதியில் நிறுத்தி வேறு நிறத்தை எடுப்பார். வகுப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்தது கயிறு. இரண்டரை மீற்றர் நீளம், ஓர் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர். கயிற்றின் தலைப்பு 1802, ஆங்கிலேய மதகுரு வில்லியம் பேலி ‘இயற்கை இறையியல்’ எழுதிய ஆண்டு. அங்கிருந்து அளந்து துணி மாட்டும் கிளிப்பால் பெயர்களை மாட்டுங்கள் (பெரும்பாலானவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அந்தந்த அமர்வில் வரும்): 57இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’, 91இல் தோமஸ் ஹக்ஸ்லியின் ஒழுக்கவியல் உரை, 101இல் மூர், 105இல் பெர்க்சன், 107இல் டூயி, 119இல் விட்கன்ஸ்டைன், 172இல் பொப்பரின் முதற் கருத்து, 175இல் அவர் அதை மாற்றிக்கொண்டது, 177இல் கோல்டும் லெவொன்ரினும், 204இல் ஷரன் ஸ்ட்ரீற், 210இல் தோமஸ் நேகல். 57ஆம் புள்ளியில் இன்னும் மூன்று பெயரைச் சிறிதாக எழுதலாம்: டூயி, பெர்க்சன், ஹுசேர்ல் ஆகிய மெய்யியலாளர் மூவரும் பிறந்தது அதே 1859இல்தான். கயிற்றைச் சுவரில் கட்டியவுடன் எவரும் கேட்காமலே ஒன்று கண்ணில் படும். 110க்கும் 170க்கும் இடையில் கிட்டத்தட்ட வெறுமை. உயிரியலில் மென்டலின் மரபு விதிகளையும் டார்வினையும் இணைத்த பெரிய வேலை நடந்ததே அந்த இடைவெளியில்தான். விட்கன்ஸ்டைன் 1921இல் சொன்னதை அங்கே மாட்டிவிட்டால் காரணம் ஓரளவு விளங்கும்: டார்வினின் கொள்கைக்கும் மெய்யியலுக்கும் உள்ள தொடர்பு, மற்ற எந்த இயற்கை விஞ்ஞானக் கருதுகோளுக்கும் உள்ள தொடர்பைவிடக் கூடியதல்ல என்றார் அவர்.

மூலநூலில் எந்தப் பதிப்பு

டார்வின் எழுதியதெல்லாம் இணையத்தில் இலவசம். ஆனால் கையில் கிடைப்பதைப் போட்டோக்கொப்பி அடித்தால் குழப்பம் வரும். 1859 நவம்பர் 24இல் 1,250 பிரதிகளாக வந்த முதற்பதிப்பில் 14 அத்தியாயங்கள். 1872இன் ஆறாம் பதிப்பில் 15. அத்தியாயத்தை எண்ணினால் எது கையில் இருக்கிறதென்று தெரியும். “தகுந்தன பிழைத்தல்” என்ற தொடர் முதற்பதிப்பில் கிடையாது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஹேர்பேர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கியதை டார்வின் 1869இன் ஐந்தாம் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். கடைசி வாக்கியமும் வேறு. உயிர் ஊதப்பட்டது என்று மட்டும் இருந்த இடத்தில் 1860இன் இரண்டாம் பதிப்பு “படைத்தவனால்” என்று சேர்த்தது. இது தெரியாமல் இருவர் இரு பிரதியை வைத்துக்கொண்டு “டார்வின் கடவுளை ஏற்றார்”, “இல்லை, ஏற்கவில்லை” என்று மல்லுக்கட்டுவார்கள். இரண்டு பேரும் தங்கள் தாளைச் சரியாகத்தான் வாசித்திருப்பார்கள். எல்லாருக்கும் முதற்பதிப்பையே கொடுங்கள்.

ஓர் அமர்வுக்கு ஏ4 தாளில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவர் அமர்வுக்கு முந்திய கிழமை ஆளுக்கு அரைப்பக்கம் தமிழாக்கி, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்கட்டும். மொழிபெயர்ப்புச் செயலியின் தமிழை அப்படியே அச்சடித்தால் “அல்ல”, “மட்டுமல்ல” இரண்டும் இடம்மாறிப் போகும். மெய்யியல் வாக்கியத்தில் அது போனால் எல்லாம் போனது.

முதல் அமர்வு: பேலியும் நெற்சப்பியும்

பேலியின் வாதம் எளிது. வெளியில் நடந்துபோகும்போது ஒரு கடிகாரம் கிடக்கக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்கிறோம். கண் கடிகாரத்தைவிட நுட்பமானது. ஆகவே அதற்கும் ஒருவர். இதை மூன்று எடுகூற்றும் (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்று) ஒரு முடிவுமாகக் கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். பிறகு ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமை எடுங்கள். அவருடைய ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்’ அவர் இறந்தபின் 1779இல் வந்தது. பேலிக்கு 23 ஆண்டு முந்தியது. உலகம் கடிகாரத்தைப் போன்றது என்ற ஒப்புமையே வலுவற்றது என்பது அவர் வாதம். இங்கே மாணவர் தவறாமல் கேட்பது: “ஹியூம் உடைச்சிட்டாரெண்டா பேலி ஏன் பிறகும் எழுதினார்?” நல்ல கேள்வி, அவசரப்பட்டு மூட வேண்டாம். ஹியூம் வாதத்தின் ஓட்டையைக் காட்டினார். கண் எப்படி வந்தது என்பதற்கு வேறு விளக்கம் கொடுக்கவில்லை. ஒரு விளக்கம் பலவீனமாக இருந்தாலும் போட்டிக்கு வேறொன்று இல்லாதவரை ஆட்கள் அதைக் கைவிடமாட்டார்கள். 1859இல் வந்தது அந்தப் போட்டி விளக்கம்: டார்வினின் இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்திய வேறுபாடு உள்ளவை கூடுதலாகப் பிழைத்துச் சந்ததி விடுதல்.

இனி வயற்பொருள். உன்னிச்சை நீர் பாயும் வட்டையிலோ கல்லோயா வாய்க்கால் பாயும் வயலிலோ இருந்து, கதிர் வராத பருவத்தில் நெற்பயிர் ஐந்தும், நெல்லோடு முளைக்கும் களைப்புல்லான நெற்சப்பி ஐந்தும் வேரோடு எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நெற்சப்பியில் இரண்டு சாயல் கிடைத்தால் இன்னும் நல்லது: அடி சிவந்து தரையோடு பரவி நிற்பது ஒன்று, அடி பச்சையாக நெல்லைப் போல நிமிர்ந்து நிற்பது மற்றது. எல்லாவற்றையும் கலந்து மேசையில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பரவியதை எவரும் பிரிப்பார். நிமிர்ந்ததில் தடுமாறுவார்கள், வயலில் கைபடாத பட்டணத்துப் பிள்ளைகள் சொல்லவே வேண்டாம். இலைத்தாளும் உறையும் சேரும் கணுவை விரித்துப் பார்த்தால் நெல்லில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப்போல நீட்டி நிற்கும். நெற்சப்பியில் அந்த இடம் வெறுமை. கைலென்ஸ் இருந்தால் போதும்.

பிரித்து முடிந்தபின் கேளுங்கள்: இந்தப் புல்லை நெல்லைப்போல ஆக்கியது யார்? களை பிடுங்கியவர்கள்தான். நெல்லுக்கு வேறாகத் தெரிந்ததையெல்லாம் கை பிடுங்கியது; நெல்லைப்போல இருந்தது தப்பி விதை போட்டது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. சீனாவின் யாங்சே ஆற்றுப் படுகைப் புற்களில் செய்து 2019இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தப் போலித் தோற்றம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவின் பெயரால் இதை வவிலோவ் போலியாக்கம் என்பார்கள்.

பேலிக்கு எதிராக இதைவிடக் கூர்மையான உதாரணம் தேடிக் கிடைக்காது. தப்புவதற்கென்றே வடிவமைத்தது போன்ற உருவம்; ஆனால் அந்த உருவத்தை எவரும் விரும்பவில்லை. களை பிடுங்கியவரிடம் நோக்கம் இருந்தது, அது இந்த விளைவுக்கு நேர் எதிரானது. பொருத்தமான அமைப்பில் இருந்து அதை நினைத்துச் செய்தவருக்குப் பாயும் அனுமானம் இங்கே அறுகிறது. இதில் ஒரு கவனம் வேண்டும். அறுந்தது அனுமானம் மட்டும். இறைவன் இல்லை என்ற முடிவுக்கு நெற்சப்பி கொண்டுபோகாது. ஹாவட்டின் தாவரவியலாளர் ஏசா கிரே, டார்வினை அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்தவர், உறுதியான கிறிஸ்தவர். இயற்கைத் தேர்வும் இறைவனின் திட்டமும் முரண்படத் தேவையில்லை என்று 1860இலேயே எழுதினார். டார்வினுக்கு அந்த இணக்கம் திருப்தி தரவில்லை. இரண்டு பேரின் மறுமொழியும் மஞ்சள் அட்டைக்குரியவை. நெற்சப்பி வெள்ளை அட்டைக்குரியது.

இரண்டாம் அமர்வு: இது விஞ்ஞானமா?

உயர்தர மாணவருக்கு அதிகம் பயன்படுவது இந்த அமர்வுதான், அதிகம் பிழைப்பதும் இதில்தான்.

முதலில் 19ஆம் நூற்றாண்டு. வானியலாளரும் விஞ்ஞான முறை பற்றி எழுதியவருமான ஜோன் ஹேர்ஷல் இயற்கைத் தேர்வை “தாறுமாறான விதி” என்று இகழ்ந்ததாக டார்வினின் காதுக்கு எட்டியது. ஜோன் ஸ்ருவட் மில் நிதானமாகச் சொன்னார்: நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் கருதுகோள் என்ற வகையில் முறை பிசகாதது. இந்த இரண்டையும் பத்து நிமிடத்தில் கடந்து பிளீமிங் ஜென்கினுக்குப் போங்கள். அவர் மெய்யியலாளர் அல்லர், பொறியியலாளர். ஆனாலும் 1867இல் அவர் எழுதிய விமர்சனம்போலக் கணக்காக எழுதியவர் அன்று குறைவு. தாய் தந்தையின் இயல்புகள் பிள்ளையில் கலந்து நடுத்தரமாகின்றன என்பதுதான் அப்போதைய பொதுநம்பிக்கை. அப்படியானால் ஒரு நல்ல மாறல் அடுத்த தலைமுறையில் அரைவாசி, அதற்கடுத்ததில் கால்வாசி. பத்தாம் தலைமுறையில் 1,024இல் ஒரு பங்கு. தேர்வு எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்?

செய்து காட்டுங்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. அதில் பாதியை ஊற்றிவிட்டு வெறுந்தண்ணீரால் நிரப்புங்கள். ஐந்து தடவை செய்தால் 32இல் ஒரு பங்கு. நிறம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. பக்கத்தில் ஒரு மூடியுள்ள டப்பாவில் கௌபி 50, பயறு 50 போட்டு எத்தனை தடவையும் குலுக்குங்கள். கௌபி கௌபியாகவே இருக்கும். மரபு தண்ணீரைப்போல அல்ல, மணியைப்போலக் கடத்தப்படுகிறது என்று மென்டல் 1866இலேயே அச்சில் போட்டுவிட்டார்; உலகம் அதைக் கண்டெடுத்தது 1900இல். ஜென்கினின் தருக்கத்தில் ஓட்டை இல்லை, பிழைத்தது எடுகூற்று. வலிதான (எடுகூற்றில் இருந்து முடிவு பிசகாமல் வரும்) வாதம் வேறு, உண்மையான முடிவு வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல வரலாற்று உதாரணம் பாடப்புத்தகத்தில் இல்லை.

பிறகு விஞ்ஞான முறை பற்றி எழுதிய மெய்யியலாளர் கார்ள் பொப்பர். “டார்வினியம் சோதிக்கத்தக்க விஞ்ஞானக் கொள்கை அல்ல, அது ஒரு பௌதிகவதீத (அனுபவத்தால் சோதிக்க முடியாத) ஆய்வுத்திட்டம்” என்று அவர் சொன்னதை மாணவர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது 1974. 1977இல் கேம்பிரிட்ஜின் டார்வின் கல்லூரியில் ஆற்றிய உரையில் இயற்கைத் தேர்வின் தருக்க நிலை பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகவே சொன்னார். பாதியை மட்டும் விடைத்தாளில் எழுதுவது பெரிய குறை. காரணத்தையும் சேர்த்துப் படிப்பியுங்கள்: “எல்லா உயிரிகளின் எல்லா உறுப்புகளும் தேர்வால் வந்தவை” என்று மிகத் துணிவாகச் சொன்னால் அது பொய்ப்பிக்கத்தக்கது மட்டுமல்ல, பொய்ப்பிக்கப்பட்டும் விட்டது, பயனில்லாத இயல்புகளும் நிலைத்திருக்கின்றன. பொய்ப்பிக்க முடிந்த ஒன்று, சொன்னதையே திருப்பிச் சொல்லும் வெற்றுக்கூற்றாக இருக்க முடியாது.

“தகுந்தன பிழைக்கும், தகுந்தன எவை? பிழைத்தவை” என்ற வட்டத்தைப் பற்றி ஒருவர் கட்டாயம் கேட்பார். 1970களின் கடைசியில் பிராண்டன், மில்ஸ், பீற்றி ஆகிய மெய்யியலாளர் கொடுத்த பதிலைச் சொல்லுங்கள்: தகுதி என்பது ஓர் ஆற்றல், பிழைத்துவிட்டது என்ற பதிவு அல்ல. ஒரே தாயின் ஒரே தரமான இரண்டு நாற்று. இரவில் வந்த யானை ஒன்றை மிதித்தது, மற்றது தப்பியது. தப்பியது கூடிய தகுதியுள்ளதா? இல்லை, இரண்டின் தகுதியும் சமம். பிழைத்தலும் தகுதியும் பிரியக்கூடியவை என்றால் வட்டம் இல்லை. அம்பாறைப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

நேரம் மிஞ்சினால், படைப்புக் கொள்கையையும் கூர்ப்போடு சேர்த்துப் பாடசாலையில் படிப்பிக்கச் சொன்ன சட்டம் பற்றி அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் நடந்து 1982இல் தீர்ப்பான வழக்கு. படைப்புக் கொள்கை விஞ்ஞானம் அல்ல, அது சோதிக்க முடியாதது என்று மெய்யியலாளர் மைக்கேல் ரூஸ் சாட்சி சொன்னார், நீதிமன்றம் ஏற்றது. லரி லோடன் என்ற மெய்யியலாளர் கூர்ப்பை ஏற்பவர்தான், ஆனால் ரூஸைக் கண்டித்தார்: பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டு என்பது சோதிக்கத்தக்க கூற்று, சோதித்தோம், பொய். “சோதிக்க முடியாது”, “சோதித்துத் தோற்றது” இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடாது என்பது அவர் வாதம். எங்கள் கணிப்பில் லோடன் பக்கமே நியாயம் கூட.

மூன்றாம் அமர்வு: நோக்கம்

டூயி, பெர்க்சன் இருவரும் போதும். உயிரினம் என்றால் மாறாத சாரம் என்று அரிஸ்டோட்டில் காலந்தொட்டு இருந்த நினைப்பை டார்வின் உடைத்தார், அதனால் மெய்யியல் மாறாததைத் தேடுவதை விட்டு மாற்றம் எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டூயி, 1909இல். பழைய கேள்விகளை நாம் தீர்ப்பதில்லை, கடந்து போகிறோம் என்பது அவர் முடிவு. பெர்க்சன் 1907இல் இயந்திர விளக்கத்தையும் முன்திட்ட விளக்கத்தையும் ஒருசேர மறுத்து, ‘உயிர் உந்தல்’ என்று ஒன்றை வைத்தார். வாசிக்க அழகானது; விளக்கமாக எடுத்தால் ரயில் ஓடுவதற்குக் காரணம் அதன் ஓட்டவுந்தல் என்பதுபோல ஆகிவிடும் என்று உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி கேலி செய்தார்.

கடைசி 20 நிமிடத்தில் லரி ரைட்டின் 1973 கருத்தை எழுதச் செய்யுங்கள். இதயத்தின் பணி இரத்தத்தை இறைப்பது, சத்தம் போடுவது அல்ல. இரண்டையும்தான் இதயம் செய்கிறது, ஏன் ஒன்றை மட்டும் பணி என்கிறோம்? எதைச் செய்ததால் அது அங்கே இருக்கிறதோ அதுவே பணி. செய்தவர் ஒருவரைக் கற்பனை செய்யாமலே “அதற்காக” என்ற சொல்லைப் பயன்படுத்த இது வழி திறந்தது.

சிவபுராணக் கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும். “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி எண்டு மணிவாசகர் அப்பவே சொல்லிற்றாரே, மனே” என்று பெரியவர் ஒருவர் தொடங்குவார். அவமதிக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். கரும்பலகையில் இரண்டு படம் கீறுங்கள். ஒன்றில் ஓர் உயிர் பல பிறவி எடுத்துப் போகிறது; புல் புல்லாகவும் பாம்பு பாம்பாகவும் அப்படியே இருக்கின்றன. மற்றதில் எந்த உயிரியும் மாறுவதில்லை. கூட்டத்தில் எந்த வகை எத்தனை என்ற விகிதம் மாறுகிறது. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான வகுப்பும் அப்படித்தான். அது ஏணி, டார்வின் கீறியது கிளைவிட்ட மரம். நான்கறிவு நண்டு நமக்குக் கீழ்ப்படியில் நிற்பது ஏணியில். மரத்தில் வாவி நண்டும் நாமும் வேறுவேறு கிளையின் நுனிகள், வயது ஒன்றுதான். “குரங்கு ஏன் இன்னும் இருக்கு” என்ற கேள்விக்கும் பதில் இதே படத்தில் இருக்கிறது: குரங்கும் நாமும்கூட வேறுவேறு நுனிகள்தான்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கம் அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூனைக் கேட்பார்கள். கனியம், தாவரம், விலங்கு, மனிதர் என்று அவர் 14ஆம் நூற்றாண்டில் அடுக்கியதையும் அதே இரண்டு படத்தோடு வைத்துப் பாருங்கள். நவீன காலத்தில் கவிஞரும் மெய்யியலாளருமான அல்லாமா இக்பாலின், 1930இல் நூலாக வந்த விரிவுரைகள் பெர்க்சனோடு நேராகவே பேசுகின்றன. கயிற்றில் 128இல் மாட்டலாம். ஆதம் பற்றிய கேள்வியில் வகுப்பு தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்த எடுகூற்று எதனோடு முரண்படுகிறது என்பதை மட்டும் எழுதச் செய்யுங்கள். உலமாக்கள், அறிஞர்கள் மத்தியிலும் இதில் ஒரே கருத்து கிடையாது.

நான்காம் அமர்வு: ஒழுக்கம்

ஸ்பென்சரில் இருந்து தொடங்குங்கள், ஆனால் ஆண்டைப் பார்த்து. அவருடைய சமூகக் கருத்துகளின் அடித்தளம் 1851இலேயே அச்சாகிவிட்டது, டார்வினின் நூலுக்கு எட்டு ஆண்டு முன்பு. அவர் பெரிதும் நம்பியது வாழ்நாளில் பெற்ற இயல்புகள் பிள்ளைக்குப் போகும் என்பதை. ஆகவே “டார்வினில் இருந்து ஸ்பென்சர் வந்தார்” என்ற வழக்கமான கதை பாதிதான் சரி.

பயிற்சிக்கு இந்த வாதத்தைக் கொடுங்கள்: “இயற்கையில் வலியது எடுத்துக்கொள்ளும், மெலியது விடும். ஆகவே வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவர் தண்ணீரை எடுத்தால் கடைப்பகுதிக்காரர் முறையிடக்கூடாது.” விட்டுப்போன எடுகூற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். “இயற்கையில் நடப்பது போலவே நாமும் நடக்க வேண்டும்” என்பதுதான் அது. அதைச் சேர்த்து எழுதினால் வாதம் வலிதாகும். ஆனால் சேர்த்தவுடன் அதை ஏற்க எவரும் முன்வரமாட்டார், தலைப்புக்காரர்கூட. இருக்கிறது என்பதில் இருந்து வேண்டும் என்பதற்குத் தாவும் இந்த இடத்தை ஹியூம் 1740இலேயே சுட்டினார். ஆங்கிலேய மெய்யியலாளர் மூர் 1903இல் ஸ்பென்சரைப் பெயர் சொல்லியே தாக்கினார்: “கூடக் கூர்ப்படைந்தது” என்பதும் “நல்லது” என்பதும் ஒன்றல்ல. டார்வினின் காவல்நாய் என்று பெயரெடுத்த தோமஸ் ஹக்ஸ்லியே 1893இல் ஒக்ஸ்பேர்ட்டில், ஒழுக்க முன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பார்த்து நடப்பதில் இல்லை, அதை எதிர்த்து நிற்பதில் இருக்கிறது என்றார். அவருடைய உரையின் கடைசி இரண்டு பக்கமே வாசிப்புக்குப் போதும். டார்வின் 1871இல் எழுதியதையும் ஒரு வரியில் சேருங்கள்: அறவுணர்வின் வேர் கூட்டமாக வாழும் விலங்குகளின் சமூக உணர்வில் இருக்கிறது. அது தோற்றத்துக்கான விளக்கம். எது சரி என்பதற்கான தீர்ப்பு வேறு கணக்கு.

மறுபக்கத் தவறும் வரும்: “கூர்ப்பை நம்பினால் இனவாதம் வரும், ஆகவே கூர்ப்பு பொய்.” விளைவு பிடிக்கவில்லை என்பதால் ஒரு கூற்று பொய்யாகாது. இப்படிச் சொல்பவர் நீல அட்டையோடு தொடங்கி வெள்ளை அட்டையில் முடிக்கிறார்; அட்டையைக் காட்டச் சொன்னால் தானே கண்டுகொள்வார்.

ஐந்தாம் அமர்வு: மனம்

கடினமான அமர்வு, ஆட்கள் குறைவாக வந்தால் நல்லது. 1881 ஜூலையில் வில்லியம் கிரகாமுக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் ஒரு கொடிய ஐயத்தைச் சொன்னார்: கீழ்நிலை விலங்கின் மனத்தில் இருந்து வளர்ந்த மனித மனத்தின் நம்பிக்கைகளுக்கு மதிப்பு உண்டா? 1993இல் அமெரிக்க மெய்யியலாளர் அல்வின் பிளன்ரிங்கா இதையே வாதமாக்கினார். தேர்வு பார்ப்பது நடத்தையை, நம்பிக்கையின் உண்மையை அல்ல. யானையைக் கண்டு ஓடுபவர், அது ஆபத்து என்று நம்பி ஓடினாலும் சரி, ஓட்டப்போட்டி தொடங்கிவிட்டது என்று நம்பி ஓடினாலும் சரி, உயிர் தப்புவார். அப்படியானால் கூர்ப்பையும், இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற இயற்கைவாதத்தையும் சேர்த்து நம்புபவர் தன் அறிவையே நம்ப முடியாது. அந்த அறிவால் வந்த கூர்ப்புக் கொள்கையையும் நம்ப முடியாது.

பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் விடுங்கள். ஒருவராவது “ஒருக்கா தப்பலாம், ஒவ்வொரு நாளும் பிழையாக நம்பித் தப்ப ஏலுமா?” என்பார். அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1969இல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: எதிர்பார்ப்பதெல்லாம் பிழைத்துப்போகும் உயிரிகள் சந்ததி விடுமுன்பே செத்துவிடுகின்றன. அது அன்றாட நம்பிக்கைகளுக்குப் பொருந்தும். ஒழுக்க நம்பிக்கைகளுக்குப் பொருந்துமா என்பதுதான் 2006இல் ஷரன் ஸ்ட்ரீற் எழுப்பிய சிக்கல். பிள்ளையைப் பராமரிப்பது நல்லது என்று நாம் நினைப்பது, அப்படி நினைத்தவர்களின் பிள்ளைகள் பிழைத்ததால்தான் என்றால், நம்மைச் சாராத ஒழுக்க உண்மை ஒன்றோடு அந்த நினைப்பு ஒத்துப்போவது தற்செயலா? நான்காம் அமர்வில் ஒழுக்கத்தைக் கூர்ப்பில் இருந்து பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் இங்கே மீண்டும் எழுந்து உட்காருவார்கள்.

ஆறாம் அமர்வு: எல்லாவற்றுக்கும் கதை சொல்லாதிருத்தல்

1979இல் கோல்டும் லெவொன்ரினும் எழுதிய கட்டுரை உயிரியலாளரையே குறிவைத்தது. வெனிஸ் நகரத்துத் தேவாலயத்தில் வளைவுகள் சந்திக்கும் முக்கோண இடங்களில் அழகான ஓவியங்கள் உண்டு. அந்த இடம் ஓவியத்துக்காகக் கட்டப்பட்டதல்ல, வளைவு கட்டினால் தானாக வருவது. உடலிலும் அப்படிப் பல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பயன் கற்பிக்கக்கூடாது.

பயிற்சி: “மட்டக்களப்பு மீன் ஏன் பாடுகிறது?” ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு விளக்கம் எழுதட்டும். துணை தேட, எல்லை காக்க, கூட்டம் சேர்க்க என்று குவியும். பிறகு கேளுங்கள்: கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் ஒலியை எழுப்புவது மீன்தான் என்று யார் நிறுவினார்? சிப்பி என்பாரும் உண்டு. முடிந்த முடிவு இல்லை. இயல்பு யாருடையது என்று தெரியுமுன் அதன் பயனை எல்லாரும் எழுதிவிட்டார்கள். கோல்டும் லெவொன்ரினும் கண்டித்தது இந்தப் பழக்கத்தையே. கூர்ப்பை மறுப்பதற்கு அவர்களை மேற்கோள் காட்டுபவர்கள் கட்டுரையை வாசித்திருக்க மாட்டார்கள், இருவரும் கூர்ப்பியலாளர். தேர்வு என்ற விளக்கத்தையே சந்தேகித்த ஜெரி ஃபோடர், மாசிமோ பியாட்டெல்லி-பல்மரினி (2010), இயற்பொருளை மட்டும் வைத்து மனத்தை விளக்க முடியாது என்ற நேகல் (2012) ஆகியோர் வேறு வகை. மூவரும் தங்களை நாத்திகர் என்றே சொன்னவர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், எதிர்த்தவர் எல்லாம் சமயவாதி என்ற கணக்கும் குலையும்.

கடைசி 20 நிமிட எழுத்துக்கு, கயிற்றில் இருந்து ஆளுக்கு ஒரு கிளிப்பைக் கழற்றிக் கொடுங்கள். அந்தப் பெயருக்குரியவர் எந்தக் கேள்விக்கு மறுமொழி சொன்னார், அவருடைய வாதத்தின் எடுகூற்றுகள் எவை, எதை நீக்கினால் முடிவு விழும் என்று பத்து வரியில் எழுத வேண்டும். திருத்தும்போது கருத்துக்குப் புள்ளி போட வேண்டாம். எடுகூற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, அட்டை நிறம் சரியானால் இரண்டு, விழுத்தும் எடுகூற்றைச் சரியாகக் காட்டினால் நான்கு. பெர்க்சன் கிடைத்தவருக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூடக் கொடுங்கள். அவருடைய எடுகூற்றுகளை வரிசைப்படுத்துவது லேசான வேலை அல்ல.